பன்னிரண்டு விரற்கடை: குடலுக்குப் பெயர் வந்த வழி

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் திருத்திய எழுத்து வடிவம்)

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இது இராச்சாப்பாட்டு நேரம், கனடாவில் மத்தியானம், அவுஸ்திரேலியாவில் இன்னும் விடியவில்லை. தட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சாப்பாடு போகும் பாதையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இலக்கியச் சந்திப்பில் குடலுக்கு என்ன வேலை என்று ஒருங்கிணைப்பாளரும் கேட்டார். நான் ஒரு தாதி. ஜேர்மனியில் மூன்று வருடத் தாதியர் பயிற்சி முடித்து, குடல்நோய்ப் பிரிவு ஒன்றில் வேலை செய்கிறேன். இரவுக்கடமை இல்லாத நாட்களில் கதை எழுதுகிறேன். இரண்டு வேலைக்கும் பொதுவாக இருப்பது சொல். நோயாளி தன் உடம்பைப் பற்றிச் சொல்லும் முதல் வாக்கியத்தில்தான் வைத்தியம் தொடங்குகிறது. அந்தச் சொல் அவரிடம் இல்லாவிட்டால், அல்லது நடுவில் தொலைந்துபோனால், எவ்வளவு நல்ல கருவி இருந்தும் வைத்தியர் இருட்டில்தான் நிற்பார்.

குடலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர்களை மொழி மாற்றி மொழியாக யாரோ சுமந்து வந்திருக்கிறார்கள். நவீன உடற்கூற்றைத் தமிழுக்குச் சுமந்து வந்தவர் மானிப்பாயில் இருந்தார். அவரிடம் போவதற்கு முன், குடல் வழியாகவே கொஞ்சத் தூரம் நடப்போம்.

சிறிசு நீளம், பெரிசு கட்டை

பள்ளிக்கூடத்தில் சிறுகுடல், பெருங்குடல் என்று படித்தபோது பெருங்குடல்தான் நீளம் என்று நினைத்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். உண்மை நேர்மாறு. இறந்த உடலில் அளந்தால் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீற்றர் வரும். உயிருள்ள உடலில் தசை இறுக்கமாக இருப்பதால் அது அதைவிடக் குறைவு. பெருங்குடல் ஒன்றரை மீற்றர்தான். ஆனால் சிறுகுடலின் அகலம் மூன்று சென்ரிமீற்றரை ஒட்டி. பெருங்குடல் அதைப்போல இரண்டு மடங்குக்குக் கிட்ட. பெயர் வைத்தவர்கள் நீளத்தைப் பார்க்கவில்லை, பருமனைப் பார்த்தார்கள். ஜேர்மன்காரர் இதைக் குழப்பமில்லாமல் சொல்கிறார்கள்: டுயுன்டார்ம், டிக்டார்ம். மெல்லிய குடல், தடித்த குடல்.

வயிற்றைத் திறந்தால் இரண்டும் இருக்கும் முறை ஒரு காணியைப் போன்றது. நடுவில் சிறுகுடல் மடிந்து மடிந்து கிடக்கிறது. சுற்றிவரப் பெருங்குடல். வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே ஏறி, ஈரலுக்குக் கீழே திரும்பி, வயிற்றின் குறுக்கே இடதுபக்கம் போய், மண்ணீரலுக்குப் பக்கத்தில் மறுபடி திரும்பிக் கீழே இறங்கி, ஒரு வளைவு போட்டு நேர்குடலில் முடிகிறது. சிறுகுடலின் வேலை உணவைச் செரித்து உறிஞ்சுவது. பெருங்குடல் மிச்சத்திலிருந்து தண்ணீரையும் உப்பையும் எடுத்துக்கொண்டு கழிவைக் கட்டியாக்குகிறது.

சிறுகுடலின் உட்சுவர் வழுவழுப்பானதல்ல. ஒரு மில்லிமீற்றர் உயரம்கூட இல்லாத நுண்ணிய முளைகள் நெருக்கமாக நிற்கின்றன. இலங்கையில் சடைமுளை என்று படித்தோம்; தமிழ்நாட்டுப் புத்தகங்களில் குடலுறிஞ்சி. இவற்றை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று நெடுங்காலம் எல்லாப் புத்தகங்களிலும் எழுதினார்கள். 2014-இல் சுவீடனில் இரண்டு ஆய்வாளர்கள் நுணுக்குக்காட்டி வைத்துத் திரும்ப அளந்தார்கள். குடல் முழுவதற்கும் சேர்த்து 30 சதுர மீற்றரைச் சற்றுத் தாண்டியது. ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறை அளவு. இந்த உட்சுவரின் மேற்பரப்புக் கலங்கள் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை முற்றாகப் புதுப்பிக்கப்படுகின்றன. போன கிழமை இருந்த குடற்சுவர் இந்தக் கிழமை இல்லை.

விரலால் அளந்தவர்

இரைப்பையிலிருந்து உணவு இறங்கும் முதல் துண்டை முன்சிறுகுடல் என்கிறோம். குதிரை லாடம் போல வளைந்து கணையத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும். பித்தமும் கணைய நீரும் வந்து விழும் இடம் இது. நீளம் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர்.

கிறிஸ்துவுக்கு முன் 300 வாக்கில், எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஹெரோபிலஸ் என்ற கிரேக்க வைத்தியர் இருந்தார். மனித உடலை முறையாக அறுத்துப் பார்த்த முதல் ஆட்களில் ஒருவர். இந்தத் துண்டை அவர் விரலை அடுக்கி அளந்தார். பன்னிரண்டு விரல் அகலம் வந்தது. நம்முடைய பழைய அளவில் பன்னிரண்டு விரற்கடை, அதாவது ஒரு சாண். கிரேக்கத்தில் ‘பன்னிரண்டு விரல்’ என்றே பெயர் வைத்தார்.

அந்தப் பெயர் கிரேக்கத்திலிருந்து அரபுக்குப் போனது. அரபு வைத்தியர்கள் ‘பன்னிரண்டு’ என்ற எண்ணை வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரில் கிரமோனா ஊர் ஜெராட் என்பவர் இப்னு சீனாவின் மருத்துவ நூலை அரபிலிருந்து இலத்தீனுக்கு மொழிபெயர்த்தபோது, பன்னிரண்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைப் போட்டார். அதுதான் டியோடினம். ஜேர்மன்காரர் அதையும் தங்கள் மொழியிலேயே திருப்பிச் சொல்கிறார்கள்: ட்ஸ்வெல்ஃபிங்கர்டார்ம், பன்னிரண்டு விரல் குடல்.

பயிற்சிக்காலத்தில் இந்தச் சொல்லை முதலில் கேட்டபோது எனக்கு மலைப்பாக இருந்தது. இங்கே தெருக்கூட்டுபவருக்கும் பேராசிரியருக்கும் இது ஒரே சொல். பன்னிரண்டு விரல் குடலில் புண் என்றால், எங்கே, எவ்வளவு நீளத் துண்டில் என்று படிக்காத நோயாளிக்கும் கை காட்டத் தெரிகிறது. 2,300 வருடங்களுக்கு முன் ஒருவர் வைத்த விரல் இன்னும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நான்கு மொழி மாறியும் அது தேயவில்லை.

வெறுங்குடலும் வளைகுடலும்

அடுத்த துண்டு இடைச்சிறுகுடல். இறந்தவர்களை அறுத்துப் பார்த்தபோது இந்தப் பகுதி பெரும்பாலும் காலியாகக் கிடந்ததால், பழைய கிரேக்கர் இதை ‘பட்டினி கிடப்பது’ என்றார்கள். இலத்தீனில் ஜெஜூனம் என்பதற்கும் அதே பொருள். ஜேர்மனில் லேயர்டார்ம், வெறுங்குடல். உண்மையில் அது பட்டினி கிடக்கவில்லை. உணவின் பெரும்பங்கை வேகமாக உறிஞ்சித் தள்ளிவிடும் இடம் அது. அதிகம் உழைப்பதற்குச் சோம்பேறிப் பெயர்.

மூன்றாவது, பின்சிறுகுடல். சுருட்குடல் என்றும் சொல்வார்கள். கிரேக்கத்தில் முறுக்கு, சுருள் என்ற பொருளில் வந்த பெயர். ஜேர்மனில் க்ரும்டார்ம், வளைந்த குடல். பித்த உப்பும் விற்றமின் பி12-உம் உறிஞ்சப்படுவது இதன் கடைசிப் பகுதியில். நோயால் இந்தத் துண்டை வெட்டி எடுத்தவர்களுக்கு ஆயுள் முழுக்க பி12 ஊசி போடுவதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பின்சிறுகுடலின் சுவரில் நீள்வட்டத் திட்டுகள் தெரியும். அவற்றை 1677-இல் விரிவாக எழுதியவர் யோஹான் கொன்ராட் பயர். ஊர் சுவிற்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன். சுவிஸுக்கு உறவினர் வந்தால் நாம் கூட்டிக்கொண்டு போகும் ரைன் நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்து ஊர். அருவியோடு படம் எடுத்திருக்கும் நமக்கு, நம் குடலில் அந்த ஊர்க்காரர் ஒருவரின் பெயர் இருப்பது தெரியாது. பயர் அவற்றைச் சாறு சுரக்கும் சுரப்பிகள் என்று எண்ணினார். இன்று தெரிவது, அவை உடலின் காவற்கொட்டில்கள். குடலுக்குள் வரும் கிருமிகளை இனங்கண்டு எதிர்ப்பைத் தயார் செய்யும் இடங்கள்.

1829-இல் பரிஸில் பியர் லூயி என்ற வைத்தியர், ஒருவகைக் கடுங்காய்ச்சலில் இறந்தவர்களின் உடல்களில் இந்தத் திட்டுகள் வீங்கிப் புண்ணாகியிருப்பதைத் தொடர்ந்து கண்டு, அந்த நோய்க்கு டைபாய்ட் என்று பெயர் வைத்தார். நாம் ஊரில் நெருப்புக்காய்ச்சல் என்றோம். மூன்றாவது கிழமையளவில் அந்தப் புண் ஆழமாகிக் குடல் துளைபடலாம். லூயி பார்த்தது குடலை. நம்மவர் பார்த்தது உடம்பின் கொதிப்பை. இரண்டு பெயரும் ஒரே நோயின் இரண்டு வாசல்.

குருட்டுக்குடலின் வால்

சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு கதவு இருக்கிறது. கீழே போனது மேலே திரும்பாமல் தடுக்கும் அந்த அடைப்பை பாசெல் நகரின் காஸ்பர் பௌஹின் பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிவைத்தார். கதவு பெருங்குடலின் நுனியில் திறக்கவில்லை. சற்று மேலே பக்கவாட்டில் திறக்கிறது. அதனால் கீழே ஒரு முட்டுச்சந்து மிஞ்சுகிறது. மறுபக்கம் வழியில்லாத அந்தப் பைக்கு எல்லா மொழியிலும் ஒரே பெயர்: குருட்டுக்குடல். அதிலிருந்து தொங்கும் புழு போன்ற சின்னக் குழாய்தான் குடல்வால். இலங்கைப் பாடப்புத்தகத்தில் குடல்வளரி.

நெடுங்காலம் உடற்கூறு எழுதியவர்களிடம் இந்த வால் இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் கேலன் குரங்குகளையும் மற்ற மிருகங்களையும் அறுத்து எழுதினார். அவர் பார்த்த குரங்குகளின் குடலில் இந்த வால் இல்லை. அவர் எழுதியதையே 1,300 வருடம் மனிதனுக்கும் படித்தார்கள். லியனார்டோ டாவின்சி குடல்வாலைப் படமாக வரைந்தார். ஆனால் அந்தத் தாள்கள் அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1520-களின் தொடக்கத்தில் இத்தாலியின் பெரெங்காரியோ டா கார்பி எழுத்தில் பதிந்தார். 1543-இல் பாசெலில் அச்சான வெசாலியஸின் பெரிய நூல் மனிதக் குடலை மனிதக் குடலாகப் படம்போட்டுக் காட்டியது.

தெரிந்தும் அதை நோயோடு சேர்த்துப் பார்க்க இன்னும் காலம் எடுத்தது. 1735-இல் இலண்டனில் குளோடியஸ் அமியண்ட் ஒரு பதினொரு வயதுப் பையனின் குடலிறக்கத்தை அறுத்தபோது, உள்ளே குண்டூசி குத்தி ஓட்டையான குடல்வாலைக் கண்டு வெட்டி எடுத்தார். பையன் பிழைத்தான். ஆனாலும் வலது அடிவயிற்று வலியோடு வந்தவர்கள் ‘குருட்டுக்குடல் அழற்சி’ என்ற பெயரோடு இறந்துகொண்டே இருந்தார்கள். 1886-இல்தான் பொஸ்டனின் ரெஜினால்ட் ஃபிட்ஸ், குற்றவாளி குருட்டுக்குடல் அல்ல, அதன் வால் என்று எடுத்துக்காட்டி, அப்பென்டிசைட்டிஸ் என்ற பெயரையும் கொடுத்தார். சரியான பெயர் வந்ததும் சரியான இடத்தில் கத்தி வைத்தார்கள்.

ஃபிட்ஸ் அந்தக் கட்டுரையை வெளியிடுவதற்கு இரண்டு வருடத்துக்கு முன், அதே மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் ஒரு வைத்தியர் இறந்துபோனார். அவருடைய கல்லறைக் கல்லில் அவரைத் தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்று பொறித்திருக்கிறார்கள்.

மானிப்பாய்

அவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். பிறந்தது 1822. அதே வருடம்தான் நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார். கிறீன் 1847-இல், 25 வயதில், அமெரிக்க மிசன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். வட்டுக்கோட்டையில் தொடங்கி, அடுத்த வருடம் மானிப்பாய்க்கு மாறினார். 1857 வரை ஒரு தவணை, 1862 முதல் 1873 வரை மறு தவணை. அவருக்கு முன்பே பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் வைத்தியம் செய்திருந்தார். வேலூர் மருத்துவமனையை உண்டாக்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி.

கிறீன் மதம் பரப்ப வந்தவர். அதை அவர் மறைக்கவில்லை. அந்த மிசனின் வழிவந்த சபையில் ஞானஸ்நானம் பெற்ற நானும் அதை மறைக்கப் போவதில்லை. நாவலரும் சைவப் பெரியோரும் மிசனரிகளை எதிர்த்ததற்கு அவர்களுக்கு நியாயம் இருந்தது. ஆனால் கிறீன் செய்த ஒரு காரியத்தை எந்தப் பக்கத்தில் நின்றாலும் கவனிக்க வேண்டும். அவர் வைத்தியம் கற்பித்தார். அதை 1864 முதல் தமிழில் கற்பித்தார்.

தொடக்கத்தில் அவரும் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்த மாணவர்கள் நல்ல சம்பளத்தோடு அரசாங்க வேலைக்கு வெளியூர் போனார்கள். கிராமத்துக்கு வைத்தியர் மிஞ்சவில்லை. தமிழில் படித்தவன் தமிழ் ஊரிலேயே நிற்பான், நோயாளியோடு அவன் மொழியிலேயே பேசுவான் என்பது கிறீனின் கணக்கு. மாணவர்கள் உடையிலும் நடையிலும் வெள்ளைக்காரராக மாறுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. 60-க்கு மேற்பட்டவர்களை அவர் வைத்தியராக்கினார்.

தமிழில் கற்பிக்கப் புத்தகம் வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் பழக்கத்திலிருந்த கட்டரின் உடற்கூற்று நூல் 1857-இல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ ஆக வந்தது. இன்று வாய்க்குள் நுழையாத தலைப்பு. உடற்கூறு, உடற்றொழில், சுகாதாரம் என்று பொருள். 1867-இல் சத்திரசிகிச்சை பற்றி ‘இரணவைத்தியம்’. 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’. இது கிரேயின் உடற்கூற்று நூலை முதலாகக்கொண்டது, 800 பக்கங்களுக்கு மேல். கிரேயின் நூல் இலண்டனில் முதன்முதலில் வந்தது 1858-இல். 14 வருடத்தில் அது யாழ்ப்பாணத்தில் தமிழில் கிடைத்தது. பிறகு ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’, ‘மனுஷ சுகரணம்’. எல்லாம் சேர்த்து 4,000-க்கு மேற்பட்ட பக்கங்கள். அமெரிக்கா திரும்பிய பிறகும் 1884-இல் இறக்கும்வரை இந்த வேலையை அவர் விடவில்லை. டான்போத், சாப்மன் என்று மிசன் பெயர் சூட்டப்பட்ட தமிழ் மாணவர்களும் இந்த மொழிபெயர்ப்பில் கைகொடுத்தார்கள். வெறும் வெள்ளைக்காரர் சாதனையாக இதைச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சொல் தெரிவு செய்வதில் கிறீனிடம் ஒரு வரிசை இருந்தது. முதலில் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறதா என்று தேடு. இல்லாவிட்டால் சமஸ்கிருதத்தில் பார். அங்கும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் நாவுக்கு வளைத்து எடு. ‘அங்காதிபாதம்’ இரண்டாவது வழி. ‘கெமிஸ்தம்’ மூன்றாவது. குடலைப் பொறுத்தவரை முதல் வழியே போதுமாயிருந்தது. ‘குடர்’ என்று சங்க காலத்திலிருந்து இருக்கும் சொல் அது. நம்முடைய பரிகாரிமாரும் சித்த வைத்தியரும் ஆண்ட சொல். அவர் உண்டாக்க வேண்டியிருந்தது அந்தக் குடலின் உள்விபரங்களுக்கான மொழியை. சொற்பட்டியல்களையும் தனியாகத் தொகுத்தார்.

இந்த முயற்சி நிலைக்கவில்லை. 1870-இல் கொழும்பில் ஆங்கில வைத்தியக் கல்லூரி திறந்தது. உத்தியோகம் அந்தப் பக்கம் இருந்தது. கிறீன் போனபின் தமிழ் வகுப்பும் மங்கியது. புத்தகங்கள் அலமாரிக்குப் போயின. 1960-களில் நம்முடைய கவிஞர் அம்பி ‘கிறீனின் அடிச்சுவடு’ எழுதி அவரை மீட்டெடுக்காவிட்டால், நான் இன்று இதைப் பேசியிருக்க மாட்டேன். அம்பி பிறகு சிட்னிக்குப் போய் அங்கேயே வாழ்ந்தவர் என்பது இந்தச் சபைக்குத் தெரியும்.

எட்டு லீற்றர் தண்ணீர்

கிறீன் காலத்து யாழ்ப்பாணத்தை உலுக்கிய நோய் வாந்திபேதி, கொலரா. அதற்குச் சிறுகுடலின் தண்ணீர்க் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று உலகில் யாருக்கும் அது தெரியாது.

ஒரு நாளில் நாம் குடிப்பதும் உண்பதுமாகச் சுமார் இரண்டு லீற்றர் நீர் உள்ளே போகிறது. எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர் என்று உடம்பே இன்னும் ஆறு ஏழு லீற்றரை ஊற்றுகிறது. ஆக எட்டு லீற்றரைத் தாண்டுகிறது. இதில் பெரும்பகுதியைச் சிறுகுடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஒன்று ஒன்றரை லீற்றர்தான் பெருங்குடலுக்குப் போகிறது. அதிலும் பெரும்பங்கைப் பெருங்குடல் எடுத்துவிட, மலத்தோடு போவது ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும்.

கொலராக் கிருமியின் நஞ்சு சிறுகுடலின் சுவரைத் தலைகீழாக வேலை செய்ய வைக்கிறது. உறிஞ்ச வேண்டிய சுவர் கொட்டத் தொடங்குகிறது. மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர்கூடப் போகலாம். பெருங்குடல் அவ்வளவையும் பிடித்து நிறுத்த முடியாது. 1832-இல் ஸ்கொட்லாந்தின் தோமஸ் லற்றா இரத்தக்குழாய் வழியாக உப்புநீர் ஏற்றிச் சிலரை மீட்டார். ஆனால் அந்த நூற்றாண்டு முழுவதும் பேதிக்கு மேல் பேதி கொடுப்பதும் இரத்தம் வடிப்பதும்தான் பல வைத்தியர்களின் வழக்கமாயிருந்தது.

வழி சிறுகுடலுக்குள்ளேயே இருந்தது. 1960-இல் ரொபேர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர், குடற்சுவரில் சீனியும் உப்பும் சேர்ந்தே நுழையும் ஒரு வாசல் உண்டு என்று விளக்கினார். குளுக்கோஸ் வந்தால் உப்பும் கூடவே போகும்; உப்பின் பின்னால் தண்ணீர் போகும். கொலரா நஞ்சு மற்றதையெல்லாம் குழப்பினாலும் இந்த வாசலை அடைக்காது. 1968-இல் டாக்காவில் இதை நோயாளிகளிடம் வெற்றியாகச் செய்து பார்த்தார்கள். 1971-இல் வங்காளப் போர் அகதிகள் நிறைந்திருந்த பொங்காவில், ஊசிமருந்து தீர்ந்த நேரத்தில், டாக்டர் திலீப் மஹலனோபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினர்களையே கோப்பையால் ஊட்டச் சொன்னார். 30 வீதமளவில் இருந்த சாவு 4 வீதத்துக்குக் கீழே இறங்கியது.

வீட்டுக் கணக்கு: கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீர், மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. சீனிக்குப் பதில் அரிசிமா வேகவைத்துச் செய்தாலும் பலன் உண்டு. அரிசியின் மாப்பொருள் குடலில் குளுக்கோசாகத்தான் உடைகிறது. பேதி வந்தால் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் தந்த நம் ஆச்சிமாருக்கு அந்த வாசலின் பெயர் தெரியாது. ஆனால் அவர்கள் தட்டியது அதைத்தான். மே மாதத்தில் நாம் ஒவ்வொரு நாட்டிலும் பரிமாறும் முள்ளிவாய்க்கால் கஞ்சியும் அரிசி, தண்ணீர், உப்பு. அது எத்தனை குழந்தைகளின் குடலைத் தாங்கியிருக்கும் என்று ஒரு தாதியாக நான் நினைக்காத வருடமில்லை.

வயித்துளைவும் வயித்துக்குத்தும்

இனி எனது வேலையிடத்துக்கு வருகிறேன்.

எங்கள் மொழிக்குக் குடலைப் பற்றி நிறையத் தெரியும். பயம் வந்தால் வயிற்றைக் கலக்குகிறது என்கிறோம். குடற்சுவரில் தனி நரம்புப் பின்னல் இருப்பதை மைஸ்னர், அவெர்பாஹ் என்ற இரு ஜேர்மன்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் கண்டார்கள். பிள்ளைக்கு ஒன்று என்றால் பெற்ற வயிறு எரிகிறது என்கிறோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் மனதுருகுதல் என்பதற்கு வரும் சொல்லும் உள்ளுறுப்பு, குடல் என்ற சொல்லிலிருந்துதான் பிறந்தது. 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்பு பல இடங்களில் அதைக் குடல் என்றே வைத்தது. தமிழில் உருக்கம் ஆனது.

அதைவிட முக்கியம், நோய் சொல்லும் சொற்கள். யாழ்ப்பாணத்தில் ‘தண்ணியாய் வயித்தாலை போகுது’ என்றால், கூடுதலான அளவில், தண்ணீராகப் போகிறது. அது பெரும்பாலும் சிறுகுடல் விஷயம். ‘வயித்துளைவு’ என்றால் அடிவயிறு முறுக்கி, அடிக்கடி போக வேண்டும்போல இருந்து, கொஞ்சமாகச் சீதத்தோடு போவது. அது பெருங்குடலின் கீழ்ப்பகுதி. ‘வயித்துக்குத்து’ வேறு, ‘வயிறு ஊதல்’ வேறு. படிக்காத ஓர் ஆச்சி தன் வாயாலேயே சிறுகுடலையும் பெருங்குடலையும் பிரித்துக் காட்டுகிறார். ஆனால் பக்கத்தில் நின்று ஜேர்மனில் மொழிபெயர்க்கும் பேரப்பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நான்கும் அவன் வாயில் ஒன்றாகிறது: பௌக்ஷ்மெர்ட்சன், வயிற்றுவலி. வைத்தியர் அதையே எழுதுகிறார்.

ஒருமுறை எழுபது தாண்டிய ஓர் அம்மா வந்திருந்தார். மலத்தோடு இரத்தம். பெருங்குடலைக் குழாய்க் கமெராவால் பார்க்க வேண்டும் என்றார் வைத்தியர். இந்த நாட்டில் அதற்கு டார்ம்ஷ்பீகலுங் என்று பெயர்; சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘குடலுக்குக் கண்ணாடி பிடித்தல்’. பேத்தி அப்படியே சொன்னாள். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். இரண்டாவது முறை வந்தபோதும் மறுத்தார். அன்று நான் கடமையில் இருந்தேன். ஏனம்மா என்று கேட்டேன்.

“கண்ணாடியை உள்ளுக்கு விட்டு அது உடைஞ்சால் என்ன பிள்ளை செய்யிறது?”

சாப்பாட்டுத் தெரிவுத் தாளின் பின்பக்கத்தில் படம் கீறினேன். நடுவில் சிறுகுடல், சுற்றிவரப் பெருங்குடல். கண்ணாடி இல்லை, சின்ன விரல் மொத்தத்தில் வளையக்கூடிய குழாய், நுனியில் கமெரா, இந்த வழியாக வந்து இந்த மூலை வரை போகும் என்றேன். அவர் படத்தைக் கனநேரம் பார்த்தார்.

“அப்ப இது காணிக்கு வேலி மாதிரி. வேலியை மட்டும் சுத்திப் பாக்கப்போகினம், அப்பிடியோ?”

அடுத்த கிழமை பரிசோதனை நடந்தது. குடற்சுவரில் இருந்த தசைமுளை ஒன்றை அப்போதே எடுத்தார்கள். விட்டிருந்தால் வருடங்கள் போகப் புற்றாக மாறியிருக்கக்கூடிய வகை. இன்று நான் பெருங்குடலுக்குச் சொன்ன காணி உவமை அந்த அம்மாவுடையது. கிறீனின் சொல் வரிசையில் முதல் விதி என்ன என்பதை அவர் எனக்குக் காட்டினார்: முதலில் நோயாளியின் வாயில் தேடு.

கிறீன் காலத்தில் வைத்தியர் தமிழருக்குப் போய்ச் சேர முடியாமலிருந்தார். இன்று நாம் வைத்தியரின் வாசலில் நிற்கிறோம், நம் பிள்ளைகளே அங்கு வைத்தியராகவும் இருக்கிறார்கள். ஆனால் முதல் தலைமுறை முதுமைக்குள் போகும் இந்த நேரத்தில் இடையில் இருந்த சொல் மெலிந்துவிட்டது. 800 பக்கப் புத்தகம் இனி வேண்டியதில்லை. ஒரு தாள் போதும்.

அப்படி ஒரு தாளை நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒரு பக்கம் வயித்துளைவு, வயித்துக்குத்து, செமியாக்குணம், புளிச்சேப்பம் என்று நம் சொற்கள். மறுபக்கம் அதற்கு நேரே, ஜேர்மன் வைத்தியருக்கு விளங்கும் ஒரு முழு வாக்கியம். இதுவரை 41 சேர்ந்திருக்கின்றன. மட்டக்களப்பு, மலையகம், மன்னார், தமிழ்நாட்டுச் சொற்கள் என்னிடம் குறைவு. உங்கள் அம்மாவோ அப்பாவோ வயிற்றைப் பற்றிச் சொல்லும் சொல்லை இப்போதே அரட்டைப் பெட்டியில் எழுதுங்கள். எந்த ஊர்ச் சொல், எங்கே கைவைத்துக் காட்டுவார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

இனிக் கேள்விகளுக்குப் போகலாம்.